மிச்சமிருந்த நாவல்கள்

மக்கா,

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலத்திலிருந்து உன்னிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தவித்துக்கொண்டிருக்கிறேன். நான் போன் போட்டால் நீ மீட்டிங்கில் இருக்கிறாய். நீ கூப்பிடுகிற நேரத்தில் உனக்குப் பின்னால் யாரோ இங்கிலீஷில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். வாய்ஸ் மெசேஜில் சொல்லிப் பார்த்தேன். மூச்சு வாங்குகிறது, எதை முதலில் சொல்வது என்று தெரியாமல் அழித்துவிட்டேன். உன் அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஏட்டி, ஒரு இடத்துல உக்காரு. தறியில நாடா ஓடுத மாதிரி அங்கயும் இங்கயும் ஓடிக்கிட்டுக் கெடக்க," என்று சொல்லிவிட்டுத் தறிக்கூடத்துக்குப் போய்விட்டார். ஆகவே உட்கார்ந்துவிட்டேன். தாலுகா ஆபீசில் இருந்த காலமெல்லாம் நான் எழுதியது 'பார்வையில் காணும் மனுவின் பேரில்' என்று ஆரம்பிக்கிற கடிதங்களைத்தான். இது அப்படி ஆரம்பிக்கக் கூடியது இல்லை. சங்கதி உன் கல்யாணத்தைப் பற்றியது. ஆனால் அது ஒரு நாவலாசிரியருடைய சுமாரான நாவல்களுக்குள் போய் மாட்டிக்கொண்டிருக்கிறது. அங்கேயிருந்துதான் அதை வெளியே எடுக்க வேண்டும், பொறுத்துக்கொள்.

அவரை நம் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதில்லை. எனக்கு அவர் 'அவர்'. உன் அப்பாவுக்கு 'உங்க ஆளு'. பேப்பரில் அவர் படம் வந்தால், "உங்க ஆளு மெலிஞ்சிட்டாரு" என்பார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், மேலநீலிதநல்லூர்ப் பக்கம் ஒரு விசாரணைக்குப் போகும்போது பஸ்ஸில் அவருடைய கிணறு நாவலை ஆரம்பித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. கண்டக்டர் சத்தம் போட்ட பிறகு, எங்கேயோ ஒரு கரிசல் காட்டு விலக்கு ரோட்டில் இறங்கி, எதிர்ப்பக்கம் பஸ் வருகிற வரைக்கும் வெயிலில் நின்றுகொண்டே படித்தேன். தண்ணீர் வராத கிணற்றை வெட்டி வெட்டி ஓய்ந்துபோன குடும்பம் ஊரைவிட்டுக் கிளம்புகிற இடம் அதில் வரும். அந்த அம்மா வீட்டைப் பூட்டிவிட்டு, பூட்டை இழுத்துப் பார்ப்பாள். தெருமுனை வரைக்கும் போய்விட்டுத் திரும்பி வந்து இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பாள். உள்ளே ஒரு சாமானும் கிடையாது. அதைப் படித்த அன்றிலிருந்து அவர் எழுதியது எது வந்தாலும் வாங்கிவிடுவேன். அதில்தான் சிக்கல். அவர் நிறைய எழுதினார். ஐந்தாறு நாவல்கள் பொன்னு. மற்றவை அப்படி இல்லை. ஒவ்வொரு தடவையும் புதுப் புத்தகத்தை மோந்து பார்த்துவிட்டுப் பிரிப்பேன், பாதி போவதற்குள் முகம் சுண்டிவிடும். "என்ன, உங்க ஆளு சொதப்பிட்டாரா?" என்று அப்பா கேட்டால் மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். "உங்களுக்கு என்ன தெரியும்" என்பேன்.

இந்த வருஷம் நம் ஊர் வாசகர் வட்டத்தில் அவரையே அழைத்துவந்து ஒரு நாள் முழுக்கக் கூட்டம் போடுவது என்று முடிவாயிற்று. மருந்துக்கடை அண்ணாச்சிதான் செயலாளர், உனக்குத் தெரியும். யார் எதைப் பற்றிப் பேசுவது என்று பிரித்தபோது, பந்தியில் முதல் வரிசைக்கு ஓடுகிற மாதிரி எல்லாரும் நல்ல நாவல்களைப் பிடித்துக்கொண்டார்கள். கிணறு ஒரு கல்லூரிப் பேராசிரியருக்குப் போயிற்று. உப்பள நாவலைக் குருவிகுளத்திலிருந்து வருகிற ஒரு வக்கீல் எடுத்துக்கொண்டார். அன்றைக்கு நான் போகவில்லை, உன் சித்தி வீட்டில் காதுகுத்து. ராத்திரி அண்ணாச்சி போன் செய்தார். "மதினி, உங்களுக்கு 'மற்ற நாவல்கள்'னு போட்டிருக்கேன். மிச்சம் அதுதான் இருந்துச்சு. ஏழெட்டு இருக்கும், இருவது நிமிசத்துல முடிச்சிருங்க," என்றார். எனக்கு வந்த கோபத்தில் முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அவர் உட்கார்ந்திருக்கிற மேடை. சரி என்றேன்.

அப்புறம் இரண்டு மாதம் நான் எப்படி இருந்தேன் என்று உன் அப்பாவைக் கேள். பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி, பூச்சி தட்டி, மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். லாரி டிரைவர் நாவலை எடுத்துக்கொள். கதாநாயகன் பக்கம் பக்கமாகப் பிரசங்கம் செய்கிறான். லாரியை ஓரமாக நிறுத்திவிட்டுப் பிரசங்கம் செய்கிறான். எனக்கே வெட்கமாக இருந்தது, நம் வீட்டு மாமா கல்யாண வீட்டில் மைக்கைப் பிடித்துப் பாட ஆரம்பித்த மாதிரி. ஆனால் நடுவில் ஒரு விடியற்காலை வருகிறது. கயத்தாறு தாண்டி, லாரிக்குள் வைத்திருக்கிற கேனிலிருந்து கையளவு தண்ணீர் ஊற்றி முகம் கழுவிவிட்டு, மிச்சத் தண்ணீரை ஒரு எருக்கஞ்செடிக்குப் பார்த்து ஊற்றுகிறான். பிரசங்கத்தில் சொல்ல முடியாததெல்லாம் அந்த எருக்கஞ்செடியில் இருக்கிறது. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் படித்தபோது அந்த இடம் என் கண்ணிலேயே படவில்லை. அரசியல் நாவலில் எதுவுமே இல்லை. தேடித் தேடிப் பார்த்தேன், ஒரு கல்யாணச் சாப்பாட்டு வர்ணனையைத் தவிர ஒன்றும் தேறவில்லை. சரி, அப்படியும் ஒன்று இருக்கட்டும் என்று வைத்துவிட்டேன்.

பாங்க் அதிகாரி நாவலைப் படிக்கும்போதுதான் அது நடந்தது. கிணறு நாவலுக்கு ரொம்ப முந்தி எழுதியது அது. உப்புச் சப்பில்லாத கதை. ஒரு பாங்க் அதிகாரிக்கு ஊர் மாற்றலாகிறது, சாமான்களை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு வாடகை வீட்டைப் பூட்டுகிறார். பூட்டை இழுத்துப் பார்க்கிறார். ரோட்டுக்கு வந்துவிட்டுத் திரும்பிப் போய் இன்னொரு தடவை இழுத்துப் பார்க்கிறார். அதோடு முடிந்தது, அடுத்த வரியில் ஆட்டோ வந்துவிடுகிறது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது மக்கா. அந்தப் பூட்டு அங்கேதான் பிறந்திருக்கிறது. ஆள் சரியில்லை, இடம் சரியில்லை, அவருக்கே அது என்னவென்று தெரியவில்லை. கை மட்டும் இழுத்துப் பார்த்திருக்கிறது. சரியான கை கிடைக்க அதற்கப்புறம் எத்தனையோ வருஷம் ஆகியிருக்கிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து, தறிக்கூடத்துக்கே ஓடிப்போய் அப்பாவின் காதில் கத்தினேன். தறிச் சத்தத்தில் அவருக்கு 'பூட்டு' என்பது மட்டும் கேட்டிருக்கிறது. வீட்டுச் சாவி தொலைந்துவிட்டது என்று நினைத்து மெஷினை நிறுத்திவிட்டார்.

லாட்ஜ் நாவலை மட்டும் என்னால் மன்னிக்கவே முடியவில்லை. வாரப் பத்திரிகையில் தொடராக வந்தது. தென்காசியில் ஒரு லாட்ஜ், அதில் ஒரு கொலை. கொலைகாரனுக்கு இரட்டைப் பிறவித் தம்பி. கடைசி அத்தியாயத்தில் வில்லனைப் பாம்பு கடித்துவிடுகிறது. இருக்கிறதிலேயே மோசமானது இதுதான் என்று என் குறிப்பில் எழுதி, அடியில் கோடும் போட்டுக்கொண்டேன்.

இதற்கிடையில்தான் நாம் வாசுதேவநல்லூருக்குப் பெண் பார்க்கப் போனது. அன்றைக்குச் செண்பகம் நம்மிடம் எத்தனை வார்த்தை பேசினாள் என்று உனக்கே தெரியும். காப்பி கொடுத்தாள், நான் வேலையைப் பற்றிக் கேட்டதற்கு யூனியன் ஆபீசில் என்றாள், அவ்வளவுதான். நீங்கள் இரண்டு பேரும் மச்சில் போய்ப் பத்து நிமிஷம் பேசிவிட்டு வந்தீர்கள். இறங்கி வந்த உன் முகத்தைப் பார்த்ததும் உன் பதில் எங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவளுடைய பதில்தான் வரவில்லை. அவள் அப்பா, பிள்ளை கொஞ்சம் அவகாசம் கேட்கிறாள் என்றார். வாரம் வாரமாகப் போயிற்று. நான்தான் ஒருநாள் போனில், விட்டுவிடு, பிடிக்கவில்லை என்றால் நேரே சொல்லத் தெரியாத பிள்ளை, வேறு இடம் பார்ப்போம் என்றேன். நீ போனை வைத்துவிட்டாய். அதிலிருந்து உன் போனில் சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதற்கு மேல் எதுவும் இல்லை. கூட்டத்து நோட்டீஸை அனுப்பினேன், ஒரு கட்டைவிரலை அனுப்பினாய்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். திருவேங்கடம் ரோட்டில் ஒரு மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலைத்தான் பிடித்திருந்தார்கள். சுவரோரம் பேப்பர் ரோல் அடுக்கியிருந்தது, முந்தின நாள் விசேஷத்துச் சாம்பார் வாசனை போகவில்லை. அவர் வந்தார். படத்தில் பார்ப்பதைவிடச் சின்ன உருவம். நெஞ்சில் ஆபரேஷன் ஆகி எழுந்து வந்தவர், பேரன் ஒருவன் கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். எனக்குக் கும்பிடக்கூடக் கை வரவில்லை, அப்படியே நின்றேன். என் முறை மத்தியானத்துக்குக் கொஞ்சம் முந்தி. அதற்கு முன்னால் மருந்துக்கடை அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "மதினி, பெரியவரு உடம்பு சொகமில்லாம வந்திருக்காரு. மனசு நோகுத மாதிரி எதுவும் வேண்டாம். எல்லாமே நல்லாருக்குன்னு பொதுவாச் சொல்லிட்டு எறங்கிருங்க," என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. மேடைக்கு ஏறும்போது நானும் அப்படித்தான் செய்துவிடலாம் என்று நினைத்தேன். முன்வரிசையில் அவர் என்னையே பார்த்துக்கொண்டு, காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்தக் கைதான் என்னை மாற்றியது. ஒரு வார்த்தையும் தவறிவிடக் கூடாது என்று கேட்கிற மனிதரிடம் பொதுவாகப் பேச எனக்கு வாய் வரவில்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். லாரிக்காரனின் பிரசங்கத்தைச் சொன்னேன், எருக்கஞ்செடியையும் சொன்னேன். அரசியல் நாவலில் சாப்பாடு மட்டும் ருசி என்றேன்; ஹால் சிரித்தது, அவரும் சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன், எனக்குப் பார்க்கத் தைரியம் இல்லை. உங்கள் நல்ல நாவலைப் படித்துவிட்டு இதையெல்லாம் படிக்கும்போது ஒவ்வொரு தடவையும் ஏமாந்தேன், ஆனாலும் அடுத்ததை வாங்காமல் இருக்க முடியவில்லை, அது ஏன் என்று எனக்கே இன்னும் சரியாகத் தெரியவில்லை என்றேன். பூட்டைப் பற்றிச் சொல்ல வருவதற்குள் அண்ணாச்சி துண்டுச் சீட்டை நீட்டிவிட்டார். அவசரத்தில் லாட்ஜ் நாவல்தான் உங்கள் புத்தகங்களிலேயே மோசமானது, அந்தப் பாம்பை நான் மன்னிக்க மாட்டேன் என்று முடித்துவிட்டு இறங்கினேன். கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பா கை தட்டினார். அந்த நாவல்களில் ஒன்றைக்கூடப் படிக்காதவர், என்ன தெரிந்து தட்டினாரோ.

கேள்வி நேரம் வந்தது. பின்னால் பெண்கள் பக்கமிருந்து ஒரு பிள்ளை எழுந்தது. நீலச் சுடிதார், தோளில் ஆபீஸ் பை. மைக் கைமாறிப் போவதற்குள்ளேயே எனக்குத் தெரிந்துவிட்டது. செண்பகம். வாசுதேவநல்லூரில் வாயைத் திறக்காத பிள்ளை, அத்தனை பேருக்கு நடுவில் என்னைப் பார்த்து நின்றாள். "நீங்க சொன்னதுல முக்கால்வாசி எனக்குச் சம்மதம். ஆனா லாட்ஜ் நாவல்ல ஜெயசீலியப் பத்தி ஒரு வார்த்தைகூடச் சொல்லாம எறங்கிட்டீங்க. அவள விட்டுட்டு அந்தப் புத்தகத்த மோசம்னு எப்படிச் சொல்லுதீங்க?" என்றாள்.

ஜெயசீலி யாரென்று எனக்கு நினைவுக்கு வரவே கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்த லாட்ஜில் டெலிபோன் பார்ப்பவள். எல்லா அறையிலிருந்தும் போகிற வருகிற பேச்சு அவள் காதில் விழும், அவளிடம் பேசத்தான் ஆள் இருக்காது. ஒருநாள் அவள் கைக்கு வந்த ஏதோ ஒரு நம்பரைச் சுற்றுகிறாள். அம்பாசமுத்திரத்தில் ஒரு வயசாளி எடுக்கிறார். யார் என்று அவர் கேட்கவில்லை. இன்றைக்கு மீன் நன்றாகக் கிடைத்தது என்று இவள் சொல்கிறாள். என் சட்டையில் பித்தான் அறுந்துவிட்டது என்று அவர் சொல்கிறார். அவ்வளவுதான், போனை வைத்துவிடுகிறாள். அதற்கப்புறம் கொலை, இரட்டையர், பாம்பு என்று கதை ஓடுகிறது. ஜெயசீலி திரும்ப வருவதே இல்லை. எனக்கு முகம் சூடாகிவிட்டது, குறிப்புத் தாளைப் புரட்டினேன். அதற்குள் பெரியவர் முன்வரிசையிலிருந்தே மைக்கை வாங்கினார்.

"ஜெயசீலியா? அந்தப் பிள்ளை யாரும்மா? எனக்கு ஞாபகம் இல்லையே," என்றார். "அது பத்திரிகைக்காரங்க அவசரப்படுத்தி வாரா வாரம் எழுதினது. இந்த அம்மா சொன்னதுதான் சரி. இப்ப என் நாவல் எல்லாத்தையும் மொத்தமாப் போடப் போறாங்க. அதுல இந்த அம்மா சொன்ன அத்தனையையும் எடுத்துரச் சொல்லிட்டேன். நல்லது மட்டும் இருந்தாப் போதும்."

எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். நான் சொன்னதை அவரே ஒப்புக்கொள்கிறார், அதுவும் மைக்கில். ஆனால் அந்தப் புத்தகங்களை இனிமேல் யாரும் திட்டக்கூட முடியாது என்று தோன்றியது. நான் எழுந்துவிட்டேன். என் கையில் மைக் எப்படி வந்தது என்று தெரியவில்லை. "ஐயா, மோசம்னு சொல்ல எனக்கு உரிமை இருக்கு, நான் படிச்சவ. தூக்கிப் போட உங்களுக்கு உரிமை கெடையாது," என்றேன். அண்ணாச்சி தலையில் கையை வைத்துக்கொண்டார். நான் விடவில்லை. பாங்க் அதிகாரியின் பூட்டைச் சொன்னேன். அந்தப் பூட்டை நீங்கள் முதலில் இழுத்துப் பார்த்தது அங்கேதான், அந்தப் புத்தகத்தை எடுத்துவிட்டால் கிணற்றுக்கார அம்மா எங்கிருந்து வந்தாள் என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்றேன். அவர் பேரனைப் பார்த்தார், திரும்ப என்னைப் பார்த்தார். நிஜமாகவா, அந்த நாவலிலா என்று சின்னக் குரலில் கேட்டார். நான் கையோடு கொண்டுபோயிருந்த புத்தகத்தில் அந்தப் பக்கத்தைப் பிரித்து அவர் மடியில் வைத்தேன். மூக்குக் கண்ணாடியை மாற்றிக்கொண்டு, விரலால் வரியைத் தொட்டுத் தொட்டுப் படித்தார். தான் எழுதியதை முதன்முதலாகப் படிக்கிறவர் போல இருந்தது அவர் முகம்.

செண்பகம் அதற்குள் முன்னால் வந்துவிட்டாள். பையிலிருந்து லாட்ஜ் நாவலை எடுத்தாள். அட்டை கிழிந்து பழுப்பு டேப் ஒட்டிய பிரதி. நான் படிக்கட்டுமா ஐயா என்று கேட்டுவிட்டு, ஜெயசீலி போன் பேசுகிற பக்கத்தைப் படித்தாள். எவ்வளவு நிதானமாகப் படித்தாள் தெரியுமா. பித்தான் அறுந்த இடத்தில் நிறுத்தவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. ஹாலில் இருந்த அத்தனை பேரும் அந்த வயசாளியின் சட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டார். முடிந்ததும், "பெறகு அவளுக்கு என்ன ஆச்சு?" என்றார்.

"அதத்தான் ஐயா உங்ககிட்டக் கேக்க வந்தேன்," என்றாள் செண்பகம்.

"தெரியலையே தாயி," என்றார் அவர். சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பேரன் பயந்துபோய்த் தண்ணீர் கொண்டுவந்தான். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி, எல்லாவற்றையும் போடச் சொல்கிறேன், கடைசித் தொகுதியில், சின்ன எழுத்தில் போடச் சொல்கிறேன் என்றார். மதியச் சாப்பாட்டின்போது எங்கள் இரண்டு பேரையும் இரண்டு பக்கமும் உட்காரவைத்துக்கொண்டார். லாட்ஜ் நாவல் அவரிடமே ஒரு பிரதி இல்லையாம், அதைத் தருகிறாயா என்று கேட்டார். செண்பகம் புத்தகத்தை மடியில் இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வைத்துக்கொண்டு, "இதத் தர மாட்டேன் ஐயா. ஜெராக்ஸ் எடுத்துத் தாரேன்," என்றாள். ஒரு எழுத்தாளரிடம் அவருடைய புத்தகத்தையே தர மாட்டேன் என்கிறாள். எனக்கு அந்த நிமிஷமே அவளைப் பிடித்துவிட்டது மக்கா. அதற்கு முன்னாலேயே பிடித்துவிட்டதோ என்னவோ, அப்போதுதான் தெரிந்தது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கிற ஜெராக்ஸ் கடைக்கு நானும் அவளும்தான் போனோம். பழைய புத்தகம், விரித்து அழுத்தினால் முதுகு பிரிந்துவிடும். ஆகவே கடைக்காரரிடம் கொடுக்காமல் நான் ஒரு பக்கம் பிடிக்க, அவள் ஒரு பக்கம் பிடிக்க, ஒவ்வொரு தாளாக எடுத்தோம். அந்த மெஷினின் வெளிச்சம் போய்ப் போய் வந்துகொண்டிருக்கும்போதுதான் அவளே பேச ஆரம்பித்தாள். உனக்கு முன்னால் ஒரு இடத்தில் அவளுக்கு நிச்சயம் வரைக்கும் போயிருக்கிறது. அதை அவள் அப்பா நம்மிடம் முதலிலேயே சொல்லியிருக்கிறார், ஏன் நின்றது என்பதைத்தான் சொல்லவில்லை. அந்த வீட்டில் எல்லாரும் எதற்கெடுத்தாலும் நன்றாக இருக்கிறது என்பார்களாம். அவள் வேலைக்குப் போவது பெருமை என்பார்களாம். நிச்சயம் முடிந்த பிறகு, தட்டை மாற்றிய கையோடு, எப்போது வேலையை விடப் போகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள். முதலிலேயே பிடிக்கவில்லை என்று சொல்லியிருந்தால் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை, அவ்வளவு நாள் சிரித்துக்கொண்டே இருந்தார்களே, அதுதான் தாங்கவில்லை என்றாள். அதனால்தான் அன்றைக்கு நம்மிடம் வாயைத் திறக்காமல் எங்களையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். நான் அன்றைக்கு அவள் வீட்டுக் காப்பியைக்கூட நன்றாக இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். அவளுக்கு அது பயமாக இருந்திருக்கும்.

நீங்கள் இரண்டு பேரும் அவ்வப்போது போனில் பேசிக்கொள்கிறீர்களாம், கூட்டத்து நோட்டீஸை அவளுக்கு அனுப்பியதும் நீதானாம். எனக்குக் கட்டைவிரல், அவளுக்கு 'எங்க அம்மா பேசுறாங்க' என்று இரண்டு வரி. இருக்கட்டும். "நீங்க அவரு முன்னாடி என்ன பேசுதீங்கன்னு பாக்கத்தான் அத்தை வந்தேன்," என்றாள் செண்பகம். "எல்லாமே நல்லாருக்குன்னு சொல்லியிருந்தீங்கன்னா புளியங்குடி பஸ் ஏறி ஊருக்குப் போயிருப்பேன். நீங்க பாம்பத் திட்டினீங்க. பெறகு அதே புத்தகத்துக்காக எந்திரிச்சு அவருகிட்டயே சண்டை போட்டீங்க. இந்த வீட்டுல இருந்துக்கிடலாம்னு தோணிச்சு."

நான் தாளை விட்டுவிட்டு அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டேன். அந்தப் பக்கம் கோணலாக விழுந்திருக்கிறது, பெரியவர் படிக்கும்போது கண்டுபிடிப்பார். உன் வேலையை யாரும் விடச் சொல்ல மாட்டார்கள் என்றேன். அவளும் தலையை ஆட்டிவிட்டு அடுத்த தாளைத் திருப்பினாள்.

இனிமேல்தான் உன் பாடு. பாதிப் புத்தகம் முடிந்தபோது, மெஷினைப் பார்த்துக்கொண்டே உன்னைப் பற்றிக் கேட்டாள்: "அத்தை, அவங்க பெரியவரோட நாவல் எல்லாத்தையும் படிச்சிருக்கேன்னு சொன்னாங்க. ஜெயசீலியப் பத்திக் கேட்டேன், 'சூப்பர் கேரக்டர்'னு போட்டாங்க. நெசமாவே படிச்சிருக்காங்களா?" ஏலே, நீ கிணறு நாவலையே நாற்பது பக்கத்துக்கு மேல் தாண்டவில்லை. உப்பள நாவலை நீ காலேஜ் படிக்கும்போது லேப்டாப்புக்கு முட்டுக் கொடுத்து வைத்திருந்தாய், நான்தான் உருவி எடுத்தேன். இதை அவளிடம் நான் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. அதை நீ அவனிடமே கேள், பதில் சொல்ல வேண்டியவன் அவன்தான் என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கேட்கிறேன் என்றாள். நான் அவனுக்கு இன்றைக்கு நடந்ததையெல்லாம் எழுதப் போகிறேன், இதையும் சேர்த்துத்தான் எழுதுவேன் என்று ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டேன். அவள் யோசித்துவிட்டு, "எழுதுங்க. இதையாவது முழுசாப் படிக்காங்களான்னு பாப்போம்," என்றாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, ஜன்னல் வழியாக, "உங்களுக்குச் சரின்னு சொல்லிட்டேன் அத்தை. அவங்களுக்கு இன்னும் சொல்லல," என்றாள். பஸ் புறப்பட்டுவிட்டது.

நல்ல பிள்ளையாகத் தெரிய வேண்டும் என்றுதான் நீ அப்படிச் சொல்லியிருப்பாய், எனக்குப் புரியாமலில்லை. ஒருவரைப் பிடித்துப்போனால் நம்மிடம் இருக்கிற நல்லதை மட்டும் தொகுத்து அவர் முன்னால் வைக்கத்தான் கை போகும். பெரியவரே அதைத்தான் செய்யப் பார்த்தார், அவ்வளவு எழுதியவர். அவளுக்கு அது வேண்டாம். உன்னுடைய பாம்பு, இரட்டைப் பிறவி, பிரசங்கம் எல்லாவற்றையும் அவள் படித்துத் தாங்கிக்கொள்வாள். முகத்துக்கு நேரே திட்டவும் செய்வாள். அவளைத் திட்ட விடு. உன் அப்பா முப்பது வருஷமாக என் எழுத்தாளரைக் கேலி செய்கிறார், நான் அவருடைய தறிக் கணக்கைக் குறை சொல்கிறேன், எங்களுக்குள் பொழுது போகாத நாள் என்று ஒன்று இருந்ததில்லை.

இந்த வரி வரைக்கும் வந்துவிட்டாய் என்றால் ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்காதே. மீட்டிங் எது இருந்தாலும் வெளியே வந்து அவளுக்குப் போன் போடு. எடுத்ததும் எப்படி இருக்கிறாய் என்று ஆரம்பிக்காமல், ஜெயசீலி யாரென்று அம்மா கடிதத்தைப் படிக்கிற வரைக்கும் எனக்குத் தெரியாது என்று சொல். அப்புறம் கொஞ்ச நேரம் அவள் ஒன்றும் பேச மாட்டாள். பயந்துபோய் நடுவில் எதையாவது சொல்லிவிடாதே மக்கா. அவள் பேசுகிற வரைக்கும் போனைக் காதில் வைத்துக்கொண்டிரு.

அம்மா